குடிலுக்கு வந்த சிப்பாய்

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் கட்டப்போவதில்லை என்று மனைவி அமலி சொன்னதும் சிலுவைராஜுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னது யார்? நவம்பர் பிறந்ததுமே சோலைக்காட்டு ஓரமாகக் குடிலில் பரப்பப் பாசி எடுக்கக் கிளம்பிவிடுகிறவள்.

"அண்ணன் இல்லாம எனக்கு என்னங்க குடிலு?"

அண்ணன் லூர்துசாமி பட்டாளத்தில் இருந்தார். கிறிஸ்துமஸ் லீவில் வந்து தங்கச்சியோடு உட்கார்ந்து மாட்டுக்கொட்டிலுக்குக் கூரை வேய்வது வழக்கம். எண்பத்து நாலில் லீவு இல்லையென்று ஆகிவிட்டது. வடக்கே ஏதோ பனிமலையில் காவல்.

சிலுவைராஜ் பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். ஆனால் அன்றைக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணனுக்குப் பதிலாக ஒரு சிப்பாய் பொம்மையைக் குடிலில் நிறுத்தினால் அவள் மனசு மாறாதா?

பஜாரில் வேலுச்சாமி கடையில் கேட்டான். அவர் ஒரு பொட்டலம் நிறையப் பச்சைச் சிப்பாய்களைக் கொட்டினார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். வீட்டுக் குடிலில் வைக்கிற சூசையப்பர் சொரூபமோ ஒரு சாண்.

"பெருசா இல்லையா அண்ணாச்சி?"

"பெருசு வேணும்னா பட்டாளத்துலதான் போய்க் கேக்கணும்," என்றார் வேலுச்சாமி. ஆளுக்குக் குசும்பு கொஞ்சமல்ல.

கடை கடையாக ஏறி இறங்கினான். மலையிறங்கி வத்தலக்குண்டு வரைக்கும் பஸ் பிடித்துப் போய் வெறுங்கையோடு திரும்பினான். கடைசியில் கண்ணில் பட்டது கடையிலேயே இல்லை. பள்ளிக்கூடத்து வேலை முடிந்து ஊரைவிட்டுப் போகும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். அப்படி ஒரு வாசலில், கேக் தட்டுகளுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. மேலே சிவப்புக் கோட்டுப் போட்ட சிப்பாய் படம். பெட்டியும் ஒரு சாணுக்கு மேல் நீளம். வாங்கி ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு வந்தான்.

ஆபீஸ் ஸ்டோர் ரூமில் திறந்து பார்த்தால் உள்ளே சிப்பாயைக் காணோம். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அட கடவுளே, இதை நாம்தான் சேர்க்க வேண்டுமா! தொப்பியை வேறு யாரோ தொலைத்திருந்தார்கள். மண்டை உச்சியில் ஓட்டை.

ஆனாலும் விடவில்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிளேடும் செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய பசையுமாக உட்கார்ந்தான். இடது கையை வலது தோளில் ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டினான். விரலெல்லாம் பிசுபிசுப்பு. போர்டு எழுதுகிறவரிடம் வாங்கிய பெயிண்டைக் கலந்து சிவப்புக் கோட்டைப் பட்டாளத்துப் பச்சையாக்கினான். மூக்கு மட்டும் லூர்துசாமி மூக்கு மாதிரியே இருந்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பெயிண்ட் காயத்தான் மாட்டேன் என்றது. டிசம்பர் மூடுபனியில் கைக்குட்டையே காயாது. ஞாயிற்றுக்கிழமை அமலி வெள்ளனே பூசைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டில் ஈரத்துணி காயப்போடுகிற மாதிரியே கரிக்கணப்பின்மேல் கூடையைக் கவிழ்த்து, ஆபீசிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த சிப்பாயை அதன்மேல் நிறுத்தினான். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தவனுக்கு உசிரே போய்விட்டது. இரண்டு காலும் முட்டியில் இளகி மடங்கி, சிப்பாய் கூடைமேல் குத்தவைத்திருந்தார். நிமிர்த்தப் பார்த்தான். அதற்குள் கணப்பு தணிந்து கால் இறுகிப்போயிருந்தது.

அப்போது பார்த்து அமலி வந்துவிட்டாள்.

"என்னங்க இது?"

மறைக்க இடமில்லை. "உங்க அண்ணன்," என்றான். "நிக்க வைக்கத்தான் செஞ்சேன் அமலி. காலைக் கெடுத்துப்புட்டேன்."

அவள் முக்காட்டைக்கூட எடுக்காமல் பொம்மையைக் கையில் வாங்கினாள். மூக்கைத் தடவினாள். மடங்கின முட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிலுவைராஜ் திட்டுக்குத் தயாராக நின்றான். அவளுக்கு எதையாவது கொண்டுவந்து கொடுத்துச் சிரிக்க வைக்க வேண்டும் என்று இத்தனை நாள் தவித்தது இப்படியா முடிய வேண்டும்?

"கெடக்கட்டும், விடுங்க," என்றாள். "அண்ணன் அங்கதான் ராப்பகலா நிக்கிது. இங்கயாவது செத்த நேரம் உக்காரட்டும்."

பொம்மையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, சுவரோரம் இருந்த கம்பளி நூல் கூடையை இழுத்தாள்.

"மண்டை தெறந்து கெடக்கு, பனி எறங்காது? நான் குல்லா பின்னுறேன். நீங்க வெரசாப் போய்ப் பாசி எடுத்துட்டு வாங்க."