ஐந்து பிடி மண்

1.

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரி மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நான் கதை எழுதுகிறவன் என்று வாயை விட்டுவிட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பல்வலிக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது என் கட்சி.

2.

முதல் தொடக்கம்: 'நகரத்து மண்ணுக்கு ஞாபகசக்தி அதிகம், அது எதையும்...'

(அடித்துவிட்டேன். ஞாபகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஈயம் இருக்கிறது, குழந்தைகளுக்கு விஷம். பழைய பெயிண்டிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் விழுந்தது, போக வழியில்லாமல் கிடக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: அவளுடைய அக்கா கைக்குழந்தையோடு ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோனாள். தங்கை அந்தத் தோட்டத்தில் ஐந்து இடங்களில் பிடி மண் எடுத்து, ஒரே வாளியில் கலந்து, ஒரு பொட்டலமாகக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம். ஐந்து சோதனை செய்யும் இடத்தில் ஒன்று போதும். ஈயம் கிலோ மண்ணுக்கு நூற்றிருபது மில்லிகிராம் என்று வந்தது. கூடத்தின் வரம்பு இருநூறு.

"பயப்படாதக்கா. பாப்பாவ தாராளமா வெளையாட விடு."

இது நிற்கட்டும்.

3.

அக்கா எனக்குப் பிடிபடவில்லை. யார் பேச்சையும் கேட்காதவள், எந்நேரமும் கதைப் புத்தகமும் கையுமாக இருப்பவள் என்றாள். அப்படிப்பட்டவள் தங்கை பேச்சை மட்டும் ஏன் கேட்டாள்?

"நான் சொன்னா மட்டும் கேப்பா சார். அதான் பிரச்சனையே."

ஒன்றரை வருஷம் கழித்து அக்கா போனில் சிரித்திருக்கிறாள். "பாப்பா பண்ற கூத்தக் கேளுடி. ஜன்னலுக்குக் கீழ ஒக்காந்து மண்ண அள்ளி அள்ளித் திங்கறா. தூக்கிட்டு வந்தா திரும்பவும் அங்கயே ஓடறா."

"எந்த ஜன்னல்?"

"பெயிண்ட் உரிஞ்சிருக்கே, அதான். நீதான் நல்ல மண்ணுன்னுட்டியே!"

மறுநாள் தங்கை போய் அதே ஐந்து இடங்களிலும் தனித்தனியாக எடுத்தாள். நான்கில் முப்பது முப்பதுதான். ஜன்னலடியில் நானூற்றெண்பது.

(மொத்தம் அறுநூறு, ஐந்தால் வகுத்தால் நூற்றிருபது. கணக்கில் தப்பே இல்லை.)

4.

முடிவுகள்.

அ) சொல்லிவிடுகிறாள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கு ஓடுகிறாள். அதன்பின் தங்கையோடு பேச்சே இல்லை.

ஆ) சொல்லவில்லை. செடி வைக்கப்போவதாகச் சாக்குச் சொல்லி ஜன்னலடி மண்ணை வெட்டி அகற்றுகிறாள். தின்றது தின்றதுதான்.

இ) அக்காவே ஒருநாள்...

மூன்றையும் கலந்து ஒன்று எழுதினேன். கொஞ்சம் சொல்கிறாள், கொஞ்சம் மறைக்கிறாள், அக்கா கொஞ்சம் அழுகிறாள். படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. நானும் வாளியில் கலந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. கிழித்துப் போட்டேன்.

5.

கலக்காமல் தருகிறேன். நர்ஸ் அவளைக் கூப்பிட்டார். எழுந்தவளிடம், "அக்கா என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லல சார். வாய் வரல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

பெயரோ முகவரியோ நான் கேட்டுக்கொள்ளவில்லை. கதை கிடைத்த சந்தோஷம். அது நடந்து ஒரு மாதம் ஆகிறது. இந்த ஒரு மாதமும் நான் தொடக்கங்களை எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

அதனால் முடிவு உங்களிடம். பழைய வீடு, பெயிண்ட் உரிந்த ஜன்னல், இரண்டு வயதுப் பெண், மண் பரிசோதனைக் கூடத்தில் ஒரு தங்கை. இவ்வளவும் உங்களுக்குப் பொருந்தினால் புத்தகத்தைக் கீழே வையுங்கள். முதலில் குழந்தையைத் தூக்குங்கள். ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தங்கையைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.