பணிய லயத்தின் முறை நாள்

முத்துலிங்கத்தின் பிணத்துக்குத் தலைமாட்டில் மகள் வினோதா உட்கார்ந்திருந்தாள். சுவரோரம், தோட்டத்தின் அதே மேட்டு லயத்து வரிசை வீடுகளின் பெண்கள். வாசலில், தறப்பாள் பந்தலுக்குக் கீழே, பெஞ்சுகளில் ஆண்கள். தம்பி சுதாகரன் எங்கும் உட்காரவில்லை. கீழேயுள்ள பணிய லயத்திலிருந்து மீனம்மா ஒருத்திதான் வந்திருந்தாள்; கதவோரம், பக்கத்தில் வெறுங்குடம்.

இறந்துபோன முத்துலிங்கம் இரண்டு லயத்துக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவர். மலையூற்றிலிருந்து டாங்கியில் இறங்குவதை ஒருநாள் மேட்டு லயத்துக்கும் மறுநாள் பணிய லயத்துக்கும் விடுவார். மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் முறை எதுவும் தேவைப்படவில்லை. இப்போது ஒரே இரவில் கொட்டி மண்ணைச் சரித்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காய்கிறது.

இன்று பணிய லயத்தின் முறை. தெரிந்தேதான் சுதாகரன் விடிந்ததும் வால்வை மேட்டுப் பக்கம் திருப்பினான். அப்பா சாவில் தண்ணீருக்குக் குறை வரக்கூடாதாம். வந்தவர்கள் கால் கழுவினார்கள். தேத்தண்ணி அண்டா நிறைந்தது. யாரோ வாசலையும் கழுவிவிட்டார்கள். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடங்களோடு பெண்கள் பீலிக் குழாயடிக்குப் போனபோது டாங்கி காலி; காற்றுதான் வந்தது.

அவர்களோடு போன வினோதாவும் வெறுங்குடத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"காலையிலருந்து பீலியில காத்துக் கெடந்தோம்," என்றாள் மீனம்மா. "என்னடானு மேல வந்து பாத்தா, நீங்க வாசல் கழுவுறீங்க."

"எழவு வீட்டுல வந்து கணக்குக் கேக்குறியா?" என்று சுதாகரன் பாய்ந்தான்.

"ஒன்னையக் கேக்கல தம்பி. எங்க வீட்டுக்காரரு செத்தன்னைக்கு மேட்டு லயத்து முறை. கெஞ்சுனேன். ஒங்கப்பா வால்வத் தொறக்கல. பாவி மனுசன்னு வாய்க்கு வந்தபடி வஞ்சேன். அப்புறம் பாத்தா, ஒங்க வீட்டுக் குடிதண்ணிக் குடத்தத் தோள்ல வச்சுக்கிட்டு எறங்கி வாறாரு."

வினோதா எழுந்து உள்ளே போனாள். குடிதண்ணீர்க் குடம் பாதிக்கு மேல் இருந்தது. அதைத் தூக்கி வந்தாள். மீனம்மாவும் ஒரு கை பிடித்தாள். மார்புக்குக் கொஞ்சம், காலுக்குக் கொஞ்சம் என்று ஊற்றினார்கள். தலைக்கு ஊற்றும்போது குடம் காலியாகிவிட்டது.

சவப்பெட்டி போனதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். வினோதா பெருக்கி மட்டும் விட்டாள்.

ஆண்கள் புதைத்துவிட்டுத் திரும்பிய பின், தோட்டத்து மேற்பார்வை அதிகாரியான கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்தார். இருக்கையை வேண்டாமென்றார்.

"மழையில்லாத இந்தக் காய்ச்சல்ல வால்வுக்கு ஆளில்லாம இருந்தா வெட்டுக்குத்தாயிரும். ஒங்க அப்பா எடத்துக்கு ஒரு பேரு எழுதிக் குடும்மா. நீ சொல்ற ஆளத்தான் போடணும்னு தொரை சொல்லிட்டாரு."

"எம் பேர எழுதுக்கா," என்றான் சுதாகரன். "நம்ம வீட்டு வேல. வெளிய போகக்கூடாது."

கண்டாக்கையா நீட்டிய தாளையும் உறையையும் வினோதா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். புறப்பட எழுந்த மீனம்மாவைப் பார்த்தாள்.

"மீனம்மாக்கா, வால்வத் திருப்புறதுக்குக் கையில பலம் இருக்கா?"

மீனம்மாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு குடத்தை இறக்கி வைத்தாள். "மேட்டு லயத்துக்காரங்க என்னையக் கிழிச்சிருவாங்களே புள்ள."

"கிழிப்பாங்கதான்."

"அக்கா!" என்றான் சுதாகரன்.

வினோதா மீனம்மாவின் பெயரையும் லயத்தையும் ஒழுங்காக எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தாள். உறையின் பசையை நாக்கால் தொட்டாள். வாயில் ஈரமில்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்த சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தாம்மா, இருட்டுது," என்றார் கண்டாக்கையா.

உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் வண்டியைக் கிளப்பினார். ரோட்டுப் புழுதி எழுந்து வாசல்வரை வந்து படிந்தது.