விளிம்பில் அளந்தது

என் கணவருக்குக் கை நடுங்குகிறது என்பது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் இன்னும் மாஸ்டர். கிட்டார் கழுத்து வளைந்தாலும் பெட்டி வெடித்தாலும் அவரைத் தேடித்தான் வருகிறார்கள். முன்னறையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசுவார். வந்தவர்கள் படியிறங்கியதும் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வேலையை நான் செய்வேன். தலை அவருடையது, கை என்னுடையது. இரண்டு வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

அதற்கு முன்னால் வெறும் பாலிஷ் போட்டவள் நான். பெட்டியை ஒட்டி மூடிய பிறகுதான் கிட்டார் என் கைக்கு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததும் இல்லை, அவர் காட்டியதும் இல்லை. இப்போது அவர் சொல்லச் சொல்ல வெட்டுகிறேன், செதுக்குகிறேன், ஒட்டுகிறேன், கூடவே திட்டும் வாங்கிக்கொள்கிறேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் மனுஷன். எனக்கும் வாய் சும்மா இருக்காது. ஆனால் அவர் திட்டுகிறவரை எனக்குப் பயமில்லை, தலை வேலை செய்கிறது என்று அர்த்தம். கை போனதற்கு நான் இருக்கிறேன். தலையும் போனால் பட்டறையும் இல்லை, மாஸ்டரும் இல்லை. அதற்கு மேல் நினைக்க நான் மனதை விடுவதில்லை.

போன வாரம் பாட்டு டீச்சர் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இவர் கையால் செய்துகொடுத்தது. ஓசை வருகிற வட்ட ஓட்டையைச் சுற்றி அலங்காரமாக ஒரு வளையம் பதித்திருக்கும் அல்லவா, அது பிளாஸ்டிக். சுருங்கி வெடித்து ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. வாசிக்கும்போது நகம் மாட்டுகிறதாம். எடுத்துவிட்டு மர வளையம் பதிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

"உங்க புள்ளைதான் மாஸ்டர், பாத்துக்குங்க" என்றார் டீச்சர்.

"பெத்தவனுக்குத் தெரியாதா?" என்றார் இவர். மூவரும் சிரித்தோம்.

புதுக் கிட்டாரில் இது சுலபமான வேலை. மேல்பலகை வெறும் பலகையாகக் கிடக்கும்போதே நடுவில் ஆணி அடித்து, ஆணியைச் சுற்றி, ரூட்டர் என்கிற குடையும் மெஷினை ஓட்டிப் பள்ளம் எடுத்துவிடலாம். செய்து முடித்த கிட்டாரில் நடு எங்கே இருக்கிறது? அங்கே ஓட்டைதான் இருக்கிறது. அதனால் ஓட்டைக்குச் சரியாக ஒரு பிளைவுட் வட்டம் அறுத்து, அடியில் குறுக்குக் கட்டை கொடுத்துத் திருகாணியால் முறுக்கி, அதன் மையத்தில் ஆணியை நிறுத்தினேன். இதற்கே இரண்டு நாள் போனது. பழைய பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி உரித்ததில் ஒரு நாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மிச்சமிருந்தது ஒன்றுதான். மர வளையம் தடிமன் என்பதால் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்க வேண்டும்.

"ஓட்டை விளிம்புல காலிபர் வச்சு பலகைத் தடிமன அளந்து சொல்லு" என்றார்.

"நாலரை மில்லிமீட்டர்."

"அப்போ ரெண்டரை வரைக்கும் இறக்கு. கீழ ரெண்டு நிக்கும்."

எனக்கென்னவோ உறுத்தியது. மேல்பலகை இத்தனை தடிமனாக நான் பார்த்ததில்லை. "ஏங்க, எதுக்கும் உள்ள ஒரு தடவ பாத்துடட்டுமா?"

"நான் செஞ்ச கிட்டார எனக்கே பாத்துச் சொல்லப் போறியா? வேலையப் பாருடி."

ரூட்டரை ஓட்டினேன். கால் வட்டம் போயிருக்கும். சத்தம் மாறியது. அதுவரை மேலே பறந்த தூள் பறக்கவில்லை, உள்ளே கொட்டியது. சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பள்ளத்தின் வெளி ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. பலகை அறுந்து, பெட்டியின் இருட்டு தெரிந்தது.

ரூட்டரை மேசைமேல் வைத்தேன்.

"எவ்ளோ இறக்கின?" என்று கத்தினார்.

"நீங்க சொன்ன ரெண்டரைதான்."

"ரெண்டரைக்கு எப்படி அறுக்கும்? கைய அழுத்தியிருப்ப. இல்ல அளவு தப்பா வச்சிருப்ப. கவனம் எங்க இருந்துச்சு உனக்கு?"

அந்தத் திட்டு தேனாக இருந்தது என்றால் நம்புவீர்களா? தப்பு என்னுடையதாக இருக்கட்டும், என் கைதான் சறுக்கியிருக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ரூட்டரைப் புரட்டி ஆழத்தை அளந்தேன். ரெண்டரை, முடியளவு பிசகில்லை. இன்னொரு முறை அளந்தேன். அதே ரெண்டரை.

பிளைவுட் வட்டத்தைக் கழற்றி, போனை ஓட்டைக்குள் விட்டு, மேல்பலகையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்தேன். ஓட்டையைச் சுற்றி, பலம் சேர்ப்பதற்காக, ஒரு விரல் அகலத்துக்கு இன்னொரு பலகைத் துண்டு ஒட்டியிருந்தது. நான் அளந்த நாலரையில் பாதி அதுதான். ஒட்டு முடிகிற இடத்தைத் தாண்டினால் வெறும் மெல்லிய பலகை. அங்கேதான் அறுத்திருக்கிறேன்.

ஒட்டின் மேல் பென்சிலில் எழுதியிருந்தது. "பலகை 2.3. ஒட்டு 2.2. பின்னால் வேலை செய்கிறவனே, விளிம்பில் அளந்து ஏமாந்துவிடாதே."

அவர் எழுத்து. றகரத்தின் வாலைத் தரையைத் தொடுகிற மாதிரி இழுப்பது அவர் ஒருவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு எழுதிய கடிதங்களிலும் அந்த வால் இருந்தது.

பதினெட்டு வருஷம் ஆயிற்றே, யாருக்கும் மறக்கும்தானே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். படத்தைக் காட்டினால் தலையில் அடித்துக்கொள்வார். முதலிலேயே ஏன் பார்க்கவில்லை என்று என்மேல் பாய்வார். நானும் திருப்பிக் கொடுப்பேன். அப்புறம் டீச்சர் வருவதற்குள் ஏதாவது ஒரு வழி சொல்வார். அப்படித்தான் நடக்க வேண்டும், வேறு எப்படியும் நடக்கக் கூடாது. போனை அவர் கையில் கொடுத்தால் நடுங்கும் என்று நானே முகத்துக்கு நேரே பிடித்தேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். முகத்தில் கோபம் போய் ஒரு சிரிப்பு வந்தது.

"பாரேன், விவரமான ஆளு" என்றார். "எவனுக்கோ உதவும்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கான். நாமதான் பாக்காம விட்டுட்டோம்."

"எழுத்தப் பாருங்க" என்றேன். "யாரோடதுன்னு தெரியலையா?"

மறுபடியும் பார்த்தார், நிதானமாக, மரம் வாங்கும்போது பார்ப்பதுபோல. "நல்ல எழுத்து. ஒட்டின நேர்த்தியப் பாத்தியா, ஒரு சொட்டு பசை வெளிய இல்ல. தொழில் தெரிஞ்சவன்."

மணி நாலே முக்கால். வாசலில் டீச்சர் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அவங்க உக்காரட்டும், நான் பேசிக்கறேன்" என்றார். "நீ இத எழுதின ஆளுக்கு ஒரு போன் போட்டு, இந்த மாதிரி அறுத்துட்டோம், என்ன பண்ணலாம்னு கேளு. அவனுக்குத் தெரியாம இருக்காது."

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன்.

"என்ன, நம்பர் இல்லையா?"

"தேடறேங்க" என்றேன். அவர் முன்னறைக்குப் போய்க் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளும்வரை, போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே நின்றேன்.