மூன்றாம் நாள் காய்ச்சல்

எனக்குக் காய்ச்சல் வரவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுகளும் நம்பியது வேறு கதை.

அந்த வருடம் நான் ஆஸ்பத்திரியில் கொரோனா வாட்டில் தாதி. கூட வேலை செய்த இருவர் தொற்றிப் படுத்துவிட, அவர்களுடைய கடமையும் என் தலையில் விழுந்தது. பதினாறு நாள் லீவு இல்லை. பாதுகாப்பு உடுப்புக்குள் வியர்த்து ஊறிவிட்டு வீட்டுக்கு வந்தால் குசினியில் சமையல் காத்திருக்கும். ஒருநாள் கணவர் பிரதாபனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, வாட்டு ஞாபகத்தில், இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். மனுசன் பயந்துபோய்ச் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு இரண்டாவது தடுப்பூசி போட்டார்கள். கை கொஞ்சம் உளைந்தது, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் வரும்போது கட்டில் கண்ணில் பட்டது. ஊசி போட்டதில் காய்ச்சல் காய்கிறது என்று சொல்லிச் சாய்ந்துவிட்டேன். தாதி சொன்னால் யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்? இரண்டு நாள் அடித்துப் போட்ட மாதிரி நித்திரை. பிரதாபனின் அம்மா, என் மாமி விமலேஸ்வரி, மல்லித்தண்ணி அவித்துக் கொண்டுவரும் நேரம் மட்டும் முனகினேன். வாட்டில் எத்தனை முனகல் கேட்டவள், அதனால் நன்றாகவே முனகினேன்.

அந்த முனகல்தான் வினையாகப் போயிற்று. மாமி தினமும் விடியவே இரண்டு மாட்டிலும் பால் கறந்து, பால் சேர்க்கும் இடத்துக்குக் கொண்டுபோவார். பாலோடு என் முனகலும் அங்கே போய்ச் சேர்ந்தது. நர்ஸையே இரண்டு நாள் விழுத்திய ஊசி எங்களை விட்டுவைக்குமா என்று ஊரில் ஒரே கதை.

ஒரு மாதம் கழித்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் ஊசி போட்டார்கள். போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. முதல் நாள் முழுக்க வந்தது ஒன்பது பேர். எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவரும் இல்லை, மாமியும் இல்லை. மாமிக்குப் பதினைந்து வருடமாகச் சலரோகம், சீனி வியாதி. அவரைப் போன்றவர்கள் வாட்டுக் கட்டிலில் மூச்சுக்கு இழுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் இரண்டு நாள் நித்திரைக்காக மாமி அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டுமா?

அன்று பின்னேரம் மாட்டுக்கொட்டிலுக்குப் போய், வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த மாமிக்கு ஊசியைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். மாடுகள்தான் கவனமாகக் கேட்டன. வேறு வழி இருக்கவில்லை.

"மாமி, எனக்கு அண்டைக்குக் காய்ச்சலே இல்லை."

மாமி திரும்பினார். "அப்ப ஏன் பிள்ளை படுத்தனி?"

"நித்திரை கொள்ள. வேற ஒண்டுக்கும் இல்லை."

நல்லாக ஏசுவார் என்று வெட்கத்தோடு நின்றேன். மாமி கையிலிருந்த வைக்கோலை மாட்டுக்கு முன்னால் போட்டார்.

"ரெண்டு நாளும் உன்னை ஒருத்தரும் எழுப்பேல்லை, என்ன?"

"ஓம் மாமி."

"சரி. நாளைக்கு என்ர பேரை எழுது."

அடுத்த நாள் முதல் ஆளாக வந்து கதிரையில் இருந்தார். ஊசி போட்ட கையோடு பால் சேர்க்கும் இடத்துக்குப் போய், தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறார். என்னை மட்டும் காட்டிக் கொடுக்கவில்லை. கடைசி நாள் எங்கள் ஒழுங்கை முழுவதும் வரிசையில் நின்றது. என் விரல்கள் விறைக்கும்வரை போட்டேன்.

பள்ளிக்கூடக் கேற்றைப் பூட்டிய மறுநாள் விடிய மாமி எழும்பவில்லை. உடம்பு காய்கிறதாம். ஓடிப்போய் வெப்பமானியை வைத்தேன். ஒரு சொட்டுக் காய்ச்சல் இல்லை. மாமி முனகினார். அது என்னுடைய முனகலேதான்.

நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருடம். விடிந்த பிறகு மாமி படுத்திருந்ததை அன்றுதான் கண்டேன். வாட்டில் முகத்தைப் பார்த்தே களைப்பைச் சொல்லுகிற கெட்டிக்காரி, வீட்டில் ஏழு வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

பிரதாபன் வாசலில் நின்று, அம்மாவுக்கு எவ்வளவு காய்கிறது என்று கேட்டார்.

"நூற்றியிரண்டு," என்றேன். "ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் எழுப்பக் கூடாது."

மாமி முனகலை நிறுத்திவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். எனக்குப் பால் கறக்கத் தெரியாது என்பது மாட்டுக்கு உடனேயே விளங்கிவிட்டது.