கீழே ஓடிய வரி

வென்ட்வேர்த்வில் வீட்டில் இந்திரகுமாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டரைக்கு அவர் நடித்த ஆங்கிலத் துப்பறியும் தொடர் தொலைக்காட்சியில் வருகிறது. குசினி அடுப்புக்கும் கதிரைக்குமாக நடந்து மனுசன் தரையையே தேய்த்துவிட்டார்.

செவன் ஹில்ஸ் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவருக்கு நடிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். தொடருக்குப் பல இன முகங்கள் வேண்டுமாம், இவர் முகம் அகப்பட்டது. கொடுத்த வேடமோ, பெற்ற மகளைக் கொன்ற தமிழ்த் தகப்பன். எல்லா இனத்துக்கும் இடம் கொடுப்பது என்றால் அவர்களுக்கு இப்படித்தான் விளங்குகிறது.

பொலிஸ் அறைக் காட்சியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழிலேயே சொல்லுங்கள், கீழே ஆங்கிலம் போடுவோம் என்றார் இயக்குநர். அங்கே தமிழ் தெரிந்தவர் மருந்துக்குக்கூட ஒருவர் இல்லை. மேசை, வெள்ளை விளக்கு, எதிரே இரண்டு பொலிஸ். கொழும்பில் இப்படி ஓர் அறையில்தான் இந்திரகுமார், அடி தாங்காமல், வாசிக்கத் தெரியாத சிங்களக் காகிதத்தில் செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்து வைத்தார். நாலு வருசம் மறியலில், கம்பிக்குப் பின்னால். அதை இன்னொரு முறை வாயாலும் சொல்வதா?

"நான் செய்யேல்லை. அடிச்சுத்தான் கையெழுத்து வாங்கினவங்கள். நான் ஒண்டும் செய்யேல்லை."

அழுகை தானாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து ஒரே தவிப்பு. கண்டுபிடித்து வெட்டியிருப்பார்களோ? ஒரு தடவையாவது அந்தச் சொல் நாலு பேர் காதில் விழ வேண்டும் என்று கிடந்து துடித்தார். வீட்டில் மனைவி பவளத்துக்கு மட்டும்தான் அந்தக் கொழும்புக் கதை தெரியும்; மகளுக்குச் சொன்னதேயில்லை.

"இருங்கோப்பா, எனக்குத் தலை சுத்துது" என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள் பவளம்.

காட்சி வந்தது. வெட்டவில்லை. அவர் குரல், சொன்னது சொன்னபடி. கீழே வெள்ளை எழுத்தில் ஆங்கிலம்: நான்தான் கொன்றேன். குடும்ப மானத்துக்காகக் கொன்றேன்.

இந்த முறை அவருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. கைபேசியில் கிடங்கு மேற்பார்வையாளரின் செய்தி வந்து விழுந்தது: பிரமாதம், ஒவ்வொரு சொல்லையும் நம்பினேன்.

"அப்பா, யூ செட் நோ" என்றாள் மகள் வினுஷா. "செய்யேல்லை எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம்."

"அந்த அடிச்சது... அது ஸ்கிரிப்ட்ல இருக்கா?"

"இல்லை, பிள்ளை."

வினுஷா எழுந்துபோய், திரையின் அடியில் அந்த வரி ஓடும் இடத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, திருப்பிப் போடுங்கோ."