ஐந்தாவது சத்தம்

பழைய லேப்டாப் வாங்கி விற்பதே பிழைப்பாக இருந்த அந்தத் தெருவில் பொய் சொல்வது குற்றமில்லை. வாங்க வந்தவரிடம், "நேத்துதான் வந்துச்சு, நீங்கதான் முதல்ல பாக்குறீங்க" என்று சொல்லலாம். விற்க வந்தவரிடம், "இந்த மாடலை இப்ப யாரு சீண்டுறா?" என்று உதட்டைப் பிதுக்கலாம். அதெல்லாம் பேச்சு. பேச்சுக்கு எந்த ஊரிலும் வரி கிடையாது. ஆனால் இயந்திரத்திடம் மட்டும் பொய் சொல்லக் கூடாது.

அந்தக் காலத்து லேப்டாப்புகளுக்குத் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்கும் வித்தை ஒன்று தெரியும். ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானைத் தட்டினால், வழக்கமான திரை வராது. பெட்டி தியானத்தில் உட்கார்ந்துவிடும். மெமரியை மூலைமூலையாகத் தடவிப் பார்க்கும். டிஸ்க்கைச் சுழற்றிப் பார்க்கும். உள்ளே இருக்கும் விசிறியை மூச்சிரைக்க ஓடவிட்டு மெல்ல அடக்கும். இரண்டே இரண்டு விஷயங்களை மட்டும் எதிரில் இருப்பவரிடம் கேட்கும். வண்ணங்கள் தெரிந்தனவா? சத்தங்கள் எல்லாம் கேட்டனவா? தன் முகத்தைத் தான் பார்க்க முடியாது, தன் குரலைத் தான் கேட்க முடியாது. பாவம், அதற்கு மட்டும் ஒரு மனிதத் துணை வேண்டும்.

இதை வைத்துத்தான் தெரு ஒரு வழக்கத்தைக் கட்டியிருந்தது. சோதனை ஓடும்போதே பேரம். சோதனை முடிவதற்குள் விலை படிந்துவிட வேண்டும். அந்த இரண்டு கேள்விகளுக்கும் வாங்குகிற கடைக்காரரே, விற்பவரின் கண்முன்னால், 'ஆம்' அல்லது 'இல்லை' என்று அழுத்துவார். அழுத்தியது தீர்ப்பு. 'இல்லை' என்றால் விலை இறங்கும். பொய்யாக 'இல்லை' அழுத்தி மாட்டிக்கொண்டவர், கடையைக் காலி செய்து தெருவின் வால்கோடிக்குப் போக வேண்டும். அங்கே வெயிலும் எட்டாது, வாடிக்கையாளரும் எட்டமாட்டார்.

தெருமுனையின் முதல் கடை அண்ணியுடையது. அந்தத் தெருவில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள், அவர்களுக்கும் அவள் அண்ணிதான். முன்னால் நாற்காலியில் அண்ணி. பின்னால், பலகைத் தடுப்புக்கு அப்பால், ஸ்க்ரூடிரைவரும் விளக்குமாக அவள் புருஷன் மெக்கானிக். அவள் வாயால் வாங்குவாள், அவர் கையால் தேற்றுவார். குடும்பம் நடந்தது.

மதிய நேரத்தில் அவளுக்கு அந்தக் கடை ஒரு குளம் மாதிரி இருக்கும். சோதனை ஓடும் திரை வெள்ளையாகும், கருக்கும், சிவக்கும், பச்சையாகும், நீலமாகும். அந்த நிறம் மேசையில் வழிந்து, அவள் விரல்களில் ஏறி, எதிரே நிற்பவரின் தாடைவரை போகும். அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் மனசு பாதி அந்த நீலத்தில் மிதந்துகொண்டிருக்கும். பிறகு சத்தங்கள் வரும், சுருதி படிப்படியாக ஏறும் ஐந்து சத்தங்கள். எத்தனை என்று திரை சொல்லாது. தொழிலில் ஊறியவர்களுக்குத்தான் தெரியும்.

கொஞ்ச காலமாக அந்த ஐந்தில் கடைசி இரண்டு வருவதில்லை. ஒரு பெட்டியில் என்றால் பரவாயில்லை. வருகிற பெட்டி எல்லாவற்றிலும் அப்படி. அண்ணி யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தாள். பழைய ஸ்பீக்கரில் உள்ளே இருக்கும் தாள் காய்ந்துவிடும், மேல்சத்தம்தான் முதலில் போகும். அதைப் பத்துப் பேர் முன்னால் அடித்துச் சொன்னாள். தெரு கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டது என்றால் சும்மாவா, விலை குறைக்க ஒரு புதுக் காரணம் கிடைத்தால் வியாபாரி விடுவானா? எதிர்க்கடைக்காரன் 'பாதிவிலை' அடுத்த வாரமே தன்னிடம் விற்க வந்தவர்களிடம், "தாள் காஞ்சிருச்சு சார், அண்ணியே சொல்லிருக்காங்க" என்று ஆரம்பித்துவிட்டான். எந்தப் பொருளையும் பாதி விலைக்குக் கேட்பதால் வந்த பேர் அது. அவன் கல்யாணத்தில் மண்டப வாடகையையும் பாதிக்குத்தான் கேட்டான் என்பார்கள்.

லேப்டாப்புகள் மட்டும் இல்லை, உலகமே கொஞ்சம் பஞ்சு சுற்றிக்கொண்டு வந்திருந்தது. ஜன்னலோரக் குருவிகள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன என்று நினைத்தாள். கெட்டிலின் விசில் கெட்டுவிட்டது என்று பாத்திரக் கடைக்காரனிடம் சண்டை போட்டு, புது மூடியைச் சல்லிசாக வாங்கி வந்தாள். அதுவும் ஊதவில்லை. வீட்டில் மெக்கானிக்கும் முன்போல் பேசுவதில்லை. சோறு, சாவி, மழை வருமா என்பதோடு சரி. வயசானால் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே சத்தம் குறைவது சகஜம்தான் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மதியம், பியானோவுக்குச் சுருதி கூட்டுகிற ஒருவர் கக்கத்தில் ஒரு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வந்தார். குடையைக் கூட மெதுவாகத்தான் மடக்கினார். கனமான சாம்பல் நிறப் பெட்டி. கீழே போட்டால் தரைதான் உடையும். மூடிக்கு முன்னால் தள்ளித் திறக்கும் கொக்கி, விளிம்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பல்சக்கரம், விசைகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு ரப்பர் மொட்டு.

"நல்ல பொருள்மா. கண்ணு மாதிரி வெச்சிருந்தேன்" என்றார் பியானோக்காரர்.

"கண்ணு மாதிரி வெச்சிருந்தா விக்க மனசு வருமா சார்? உக்காருங்க."

அண்ணி விசையைப் பிடித்துப் பவரைத் தட்டினாள். பெட்டி தியானத்தில் அமர்ந்தது. பேரம் தொடங்கியது. அவர் ஆனை விலை சொன்னார். அவள் ஆட்டுக்குட்டி விலையில் நின்றாள். இருவரும் வழியில் குதிரையைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது திரை சிவந்தது, பச்சையானது, நீலமானது. கடைக்குள் மழைநீலம் பரவியது. அண்ணி 'ஆம்' அழுத்தினாள். சத்தங்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் நீலத்தின் அடியில் ஒரு நீண்ட மௌனம்.

'இல்லை' அழுத்தினாள்.

"ஏம்மா, எல்லாம் கேட்டுச்சே?" என்றார் பியானோக்காரர்.

"மேல்சத்தம் வரல சார். தாள் காஞ்சிருச்சு."

"அஞ்சு சத்தம் வந்துச்சும்மா. அஞ்சாவது வெள்ளிக் கம்பியைத் தட்டின மாதிரி இருந்துச்சு. இது என் தொழில். இதுல போயி நான் ஏமாறுவனா?"

வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த பாதிவிலையின் காதில் இது தேனாகப் பாய்ந்தது. அந்தத் தெருமுனை நாற்காலியை அவன் எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! "எனக்கும் கேட்டுச்சு! அண்ணி பொய் அழுத்திட்டாங்க! எல்லாரும் வாங்கப்பா!" என்று கத்தினான். மழை நாளில் வேலையில்லாத தெரு, வேடிக்கை என்றால் விடுமா? கடைக்குள் ஆள் நிரம்பியது.

"யாருடா பொய் அழுத்தினது?" அண்ணிக்கு முகம் சிவந்தது. "சக்கரம் முழுசாத் திருகியிருக்கு பாத்துக்க. திரும்ப ஓடவிடறேன். எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க."

சோதனை மறுபடி ஓடியது. வண்ணங்கள் ஒவ்வொன்றாக அத்தனை முகங்களையும் நனைத்துவிட்டுப் போயின. முதல் சத்தம். இரண்டாவது. மூன்றாவது. அண்ணி திரையைப் பார்க்கவில்லை. ஆட்களைத்தான் பார்த்தாள், பொய் சொல்கிறவன் முகத்தைப் பிடிக்க வேண்டுமே.

பஞ்சு போன்ற அந்த மௌனத்துக்குள் எல்லோருடைய புருவமும் ஒரே நேரத்தில் லேசாக ஏறியது. காற்று பட்ட நாற்றுகள் போல. ஒரு கணம் கழித்து மறுபடியும் ஏறியது, இன்னும் கொஞ்சம் மேலே. பியானோக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், இனிப்பு வாயில் பட்டவரைப் போல. சொல்லி வைத்து இப்படி நடிக்க அந்தத் தெருவில் ஒற்றுமை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

குருவிகள் எங்கேயும் போகவில்லை. கெட்டில் ஊதிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

திரை கேட்டுக்கொண்டு நின்றது. சத்தங்கள் எல்லாம் கேட்டனவா? அவள் விரல் விசைக்கு மேலே தொங்கியது. 'ஆம்' அழுத்தினால் முதலில் அழுத்தியது பொய் என்று ஆகும், கடை வால்கோடிக்குப் போகும். 'இல்லை' என்றால் காரணம் சொல்ல வேண்டும். காது கேட்காத வியாபாரியிடம் நாளையிலிருந்து கரகரக்கும் டிஸ்க்கும் முனகும் விசிறியுமாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். எந்தப் பக்கம் உருண்டாலும் நஷ்டம். நஷ்டத்தில் எது சின்னது என்று பார்ப்பதுதான் அவள் பிறந்து வளர்ந்த பள்ளிக்கூடம். ஆனால் அன்றைக்கு அவள் கணக்குப் போடவில்லை. நிஜமாகவே கேட்கவில்லை. அதனால் 'இல்லை' என்றே அழுத்தினாள்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "என் காதுதான் போச்சு."

தெரு ஒரு நொடி திகைத்தது. பாதிவிலைதான் முதலில் சுதாரித்தான். "அப்படி எல்லாம் தப்பிக்க முடியாது அண்ணி. இத்தனை நாளா இதைச் சொல்லித்தானே விலை குறைச்சீங்க?"

"ஆமா. கேக்கல, 'இல்லை'ன்னு அழுத்தினேன்." அண்ணி மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். "நீயும் இத்தனை நாளா அதே மாதிரிதான் அழுத்தற. இப்பதான் உனக்கு அஞ்சும் கேட்டுச்சுன்னு தெருவையே கூட்டிச் சொன்ன. தம்பி, உன் கடையில மட்டும் உனக்குக் காது அடைச்சுக்குமோ?"

பின்னால் நின்றவர்களில் நாலைந்து பேர் திடீரென்று மழை எப்படிப் பெய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பாதிவிலை அசட்டுச் சிரிப்போடு காதைக் குடைந்தான்.

"எனக்கும் வலது பக்கம் கொஞ்சம் மந்தம்தான் அண்ணி."

சிரிப்பு கூரையை முட்டியது. அது மட்டும் அண்ணிக்கு நன்றாகவே கேட்டது.

"அதெல்லாம் சரி, காது கேக்காதவங்க எப்படிக் கேள்விக்குப் பதில் அழுத்துவாங்க?" என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தது. மெக்கானிக் கையில் ஓர் அட்டைப் பெட்டியோடு நின்றிருந்தார். பெட்டி நிறைய, மாற்றிப் போட என்று அண்ணி வாங்கித் தந்த புது ஸ்பீக்கர்கள், பிரிக்காத உறையோடு.

"வாங்கறது கடை. கடைக்கு என் காதும் சொந்தம்தான்" என்றார்.

அவர் இவ்வளவு நீளமாகப் பேசித் தெரு கேட்டதில்லை. யாரும் மறுக்கவில்லை. கூட்டம் கலைந்தது.

பியானோக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப ஸ்பீக்கர் நல்லாருக்குன்னு ஆயிருச்சு. நான் சொன்ன விலைக்கே வந்துடலாமா?"

அண்ணி லேப்டாப்பைப் புரட்டி, பேட்டரியின் அடியில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தினாள். எத்தனை பச்சை விளக்கு எரிகிறதோ அத்தனை உயிர். ஒன்றே ஒன்று எரிந்தது, அதுவும் தூங்கி வழிந்தது.

"கண்ணு மாதிரி வெச்சிருந்தேன்னு சொன்னீங்களே சார், ஒத்தைக் கண்ணுதான் தெரியுது?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். குதிரை விலைக்குச் சற்றுக் கீழே பேரம் படிந்தது.

அவர் போனபின் அண்ணி அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாள். "ஏங்க, செத்துப்போச்சுன்னு நான் குடுத்த ஸ்பீக்கரை எல்லாம் நீங்க மாத்தவே இல்லையா?"

"திறந்து பாத்தா எல்லாம் நல்லாப் பாடுச்சு. எதை மாத்த?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீ தெரிஞ்சேதான் பொய் அழுத்தறன்னு நினைச்சேன். கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம். எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் பேசல."

வீட்டில் இரண்டு மௌனங்கள் ஒன்றாகக் குடியிருந்திருக்கின்றன. ஒன்று அண்ணியின் காதினுடையது, மற்றது அவருடையது. எது எது என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை.

"பொண்டாட்டியைப் பொய்க்காரின்னு நினைச்சுக்கிட்டு இத்தனை நாள் அவ கையால சாப்பிட்டிருக்கீங்க."

"சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு."

"இதுக்கு மட்டும் நல்லா வாய் கிழியுது!" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன.

மறுநாள் கண்ணாடியில் ஒரு தாள் தொங்கியது: 'ஸ்பீக்கர் பழுதென்று சொல்லி நான் விலை குறைத்தவர்கள் வந்து பேசலாம்.' வந்தார்கள், பேசினார்கள். அண்ணியிடம் ஒரு லேப்டாப்பும் விற்காத ஆட்கள்கூட வந்தார்கள். தெரு அது.

இப்போது மதியங்களில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருக்கிறது. சோதனை ஓடும் நேரம் மெக்கானிக் வந்து உட்காருவார். டிஸ்க்கின் நடுக்கத்தை அண்ணி உள்ளங்கையால் பார்க்கிறாள், காதால் பார்த்ததைவிட அது துல்லியமாகத்தான் இருக்கிறது. திரை சிவக்கும், பச்சையாகும், நீலமாகும். இருவரும் ஒரே குளத்தில் நனைவார்கள். முதல் சத்தம், இரண்டாவது, மூன்றாவது. அப்புறம் அவள் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். நரைத்த புருவம் ஒருமுறை ஏறும். அவள் காத்திருப்பாள். மறுபடி, இன்னும் சற்று மேலே.

அண்ணி 'ஆம்' என்று அழுத்துவாள்.