சீட்டுக்குப் பின்னால் என்ஜின்

அருள்முருகனை நான் ஒரே ஒரு முறைதான் அடித்தேன். அவன் என் தங்கை கயல்விழியின் புருஷன். கல்யாணமான மறுவருஷம் அவள் கீழுதட்டில் தையலோடு கடலூரில் என் ஷெட் வாசலில் வந்து நின்றாள். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி சிதம்பரம் போனேன். பைபாஸ் ரோட்டில் அவன் வைத்திருக்கும் ஜல்லி யார்டில், அவன் ஆட்கள் எல்லாரும் பார்க்க மூக்கிலேயே ஒன்று விட்டேன். எலும்பு நொறுங்கியது என் கை முட்டிக்குத் தெரிந்தது. ரத்தம் அவன் வெள்ளைச் சட்டை முழுக்க ஒழுகியதைப் பார்க்க எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பெரியவர்கள் கூடிப் பேசி அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். பேசுவதற்குத்தானே பெரியவர்கள். அடுத்த வாரமே அவன் என் கணக்கை அவள் விலாவில் தீர்த்தான். எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு விடவே கஷ்டப்பட்டுக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான்.

"அண்ணா, நீ அவரு மேல கை வெக்காத. நீ அடிக்கிறது எனக்குத்தான் வந்து சேருது."

இளவரசு என்று பெயர் வைத்தவர்கள் எனக்குக் கோபத்தையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள். நட்டு ஒன்று கழலாவிட்டாலே சுவரில் ஸ்பேனரை எறிகிறவன் நான். அப்படிப்பட்டவன் தங்கை புருஷனைப் பார்க்கும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வா மாப்ள, டீ சாப்புடுறியா" என்று கேட்க வேண்டியதாயிற்று. அவனுக்கு அது நன்றாகவே தெரியும். சிரித்துக்கொண்டே பழமொழி சொல்வான்: "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான், இல்ல மச்சான்?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிரைண்டரைப் போடுவேன்.

போன தை மாதம் அவன் ஒரு பழைய ஹெரால்டு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். லால்பேட்டையில் ஒரு வீட்டுப் பின்கட்டில் கோழி அடைந்து கிடந்த வண்டி. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும், உள்ளே என்ஜின் உட்கார்ந்திருக்கும்.

"மச்சான், இந்த இஞ்சின முன்னாலேந்து எடுத்துட்டு சீட்டுக்குப் பின்னால ஒண்ணு வெக்கணும். ரேஸ் வண்டிலாம் அப்பிடித்தான் இருக்கு, போன்ல பாத்தேன். வெயிட்டு நடுவுல இருந்தா வளைவுல பிச்சிக்கினு போவும்."

"பாதி வண்டிய அறுக்கணும் மாப்ள. பின்சீட்டு போயிரும், டிக்கி போயிரும். வீட்டு ஆளுங்க எங்க குந்துவாங்க?"

"யாரு குந்தணும்? நான் குந்துனா போதாதா?"

செலவு அவனுடையது, எனக்கென்ன என்று ஒத்துக்கொண்டேன். நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவனுக்கு அந்த வண்டிமேல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் காலையிலேயே கடலூர் வந்து, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்துவிடுவான். கட்டிங் வீல் தகரத்தில் இறங்கி நெருப்புப் பொறி பறப்பதைக் கண் கொட்டாமல் பார்ப்பான். பின்சீட்டை நான் கடப்பாரையால் நெம்பிக் கிழித்தபோது அவனும் எழுந்து வந்து ஓங்கி ஓங்கி உதைத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் கயல்விழி போனில் சொன்னாள்.

"இப்பல்லாம் பரவால்லண்ணா. வூட்டுக்கு வந்தா வண்டிப் பேச்சுதான். போன்ல அதையே பாத்துக்கினே தூங்கிடுறாரு. கைய ஓங்கி மாசக்கணக்குல ஆவுது."

போனை வைத்துவிட்டு வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். இந்த வண்டி என் ஷெட்டில் கிடக்கிற வரைக்கும் என் தங்கை உடம்பில் அடி விழாது. அப்படியானால் இந்த வண்டி முடியவே கூடாது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கம்மாபுரம் பக்கம் லாரியில் மோதி நசுங்கிய சின்ன கார் ஒன்றிலிருந்து என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுத்து வந்தேன். அதைச் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைக்க ஒரு இரும்புத் தொட்டில் கட்ட வேண்டும். கட்டினேன், அரை அங்குலம் கோணல் என்று நானே சொல்லி அறுத்துப் போட்டேன், மறுபடி கட்டினேன். முன்னால் இருக்கும் ரேடியேட்டரிலிருந்து பின்னால் இருக்கும் என்ஜினுக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்க ஒரு மாதம் ஆக்கினேன். சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றேன், கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்றேன். கல்யாண வீட்டுக்காரரைச் சாமான் கணக்கில் ஏமாற்றும் சமையல்காரன் தோற்றான் என்னிடம்.

கெடுத்தது சபாபதி. முதுநகரில் லேத் வைத்திருக்கிறவன், எனக்குக் கடைசல் வேலை எல்லாம் அவன்தான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வந்தவன், மேஜைமேல் கிடந்த இரும்புத் துண்டைக் கையில் எடுத்து, அருள்முருகனைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னுமா இத மாட்டல? நான் கடைஞ்சு குடுத்து ஆடி போயி ஆவணியே வந்துருச்சு. ஒங்க மச்சான் இத அடைகாக்குறாப்லபோல."

அருள்முருகன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளியூரிலிருந்து இன்னும் வரவில்லை என்று நான் சொல்லி வந்த சாமான் அது. சபாபதிக்கு முகம் செத்துப்போயிற்று.

நான் வாயைத் திறக்குமுன் வீல் ஸ்பேனர் என் தோளில் விழுந்தது. காரை எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவனை வயிற்றில் மிதித்தான், எழப் பார்த்தபோது தலையில் போட்டான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கி, ஷெட் சிவப்பாகத் தெரிந்தது. என் வலது கைக்குப் பக்கத்திலேயே சுத்தியல் கிடந்தது. எட்டி எடுத்தால் அவன் முழங்கால் சில்லைப் பெயர்த்திருப்பேன்.

"எடு. எட்றா சுத்திய," என்றான். "எடுத்து அடி. மிச்சத்த வூட்ல போயி பாத்துக்குறேன்."

எடுக்கவில்லை. கையை நீட்டவே இல்லை. அவன் என்மேல் காறித் துப்பினான்.

"ஆயுத பூசைக்கு வண்டி என் யார்டுல நிக்கணும். இல்லன்னா யாரு அழுவான்னு ஒனக்கே தெரியும்."

தலையில் தையல், ஒரு கை கழுத்தில் கட்டிய தூளியில். சபாபதி வெட்கப்பட்டுக்கொண்டு தன் லேத்தைப் பூட்டிவிட்டு வந்து எனக்கு இன்னொரு கையாக நின்றான். ஆத்திரத்தோடு செய்த வேலை என்பதாலோ என்னவோ, நன்றாகவே அமைந்தது. என்ஜின் பின்னால் போனதால் அங்கிருந்த பெட்ரோல் டேங்குக்கு இடமில்லாமல் போயிற்று. அதை முன்னால், பழைய என்ஜின் இருந்த குழியிலேயே வைத்துக் கட்டினோம். வண்டியைக் கொண்டுபோய் யார்டில் விட்டபோது அருள்முருகனை நிறுத்திச் சொன்னேன். கயல்விழியும் பக்கத்தில் நின்றாள்.

"மாப்ள, முன்னால இருக்கிறது இஞ்சின் இல்ல, டேங்கு. பீடியோட கூட கிட்ட போவாத."

"நான் இன்னா பச்சப்புள்ளயா? போ மச்சான்."

ஆயுத பூஜையன்று யார்டில் லாரி, டிப்பர், ஜேசிபி எல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஹெரால்டு. ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்திருந்தான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கழுத்துக்கு ரோஜா மாலை. லோடுமேன்கள் குடும்பத்தோடு வந்து சுண்டலுக்குக் காத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன், போகாவிட்டால் அதற்கும் அவள்தான் வாங்குவாள். வண்டியைப் பற்றிய பயத்தில் என் வேனிலிருந்து தீயணைக்கும் சிலிண்டரை எடுத்து, அடிபடாத தோளில் மாட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

அருள்முருகன் டேங்கின் கழுத்து வரை பெட்ரோல் போட்டு வைத்திருந்தான். கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட முன்மூடியைத் தூக்கித் திறந்தான். "பாருங்கடா, இஞ்சின் எங்க? கண்டுபுடிங்க." எல்லாரும் எட்டிப் பார்த்து, இல்லை என்றதும் கை தட்டினார்கள். யாரோ டேங்க் மூடியைத் திருகிப் பார்த்து அரைகுறையாக விட்டார்கள்.

வண்டிக்கு மூஞ்சி முன்பக்கம்தான். லாரியானாலும் சைக்கிளானாலும் கற்பூரத்தை அங்கேதான் காட்டுவது. அருள்முருகன் தட்டில் கற்பூரத்தை மலையாகக் குவித்துக் கொளுத்தி, திறந்த மூடியின் பக்கவாட்டில் போய் நின்று, உள்ளே காட்ட ஆரம்பித்தான். நான் பின்னால் என்ஜின் பக்கம் நின்றேன். கத்திக்கொண்டே ஓடி வந்தேன், ஆனால் மேளச் சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. பக்கத்தில் நின்ற கயல்விழி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"அங்க காட்டாதீங்க. முன்னால நெருப்பு ஆவாதுன்னு அண்ணன் சொல்லுச்சில்ல."

அத்தனை பேர் எதிரில், பூஜை நேரத்தில், பெண்டாட்டி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். அவனுக்கு அது போதும். தட்டை இடது கைக்கு மாற்றி வலது கையால் அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் சுருண்டு விழுந்தாள். அறைந்த வேகத்தில் தட்டு சாய்ந்து, எரிகிற கற்பூரம் உள்ளே கொட்டியது.

அந்த நொடியில் அவனுக்கு உயிர் பெரிதாகத் தெரியவில்லை, வண்டிதான் தெரிந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டுக் கற்பூரத்தை வாரப் பார்த்தான். குப்பென்று பற்றிக்கொண்டது. கையை வெளியே எடுத்தபோது முழங்கை வரை எரிந்தது. சில்க் சட்டை உருகித் தோலோடு ஒட்டியது. அவன் அலறிய அலறலில் மேளக்காரர்கள் கருவியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

சிலிண்டர் என்னிடம் இருந்தது. முதலில் வண்டியில்தான் அடித்தேன். டேங்க் வெடித்தால் கீழே கிடக்கும் கயல்விழியும் போய்விடுவாள், அது உண்மைதான். அவன் எரிவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது, அதுவும் உண்மைதான். வண்டி அணைந்த பிறகு அவன்மேல் திருப்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் விரல்கள் ஒட்டிப்போயிருக்கின்றன, பழையபடி மடங்கும் என்று சொல்ல முடியாது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு கேட்டேன். வெளியே வந்து ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோற்றின் ருசி நாக்கில் தெரிந்தது. சபாபதிக்குப் போன் போட்டு, "தெய்வம் நின்னு கொல்லும்னு சொல்லுவாங்க, இது ஓடியாந்து கொன்னுருச்சிடா," என்றேன்.

கார்த்திகையில் ஒருநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சிதம்பரம் போனேன். கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. அவன் அம்மா மாரியம்மாள் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கயல்விழி அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வா மச்சான்," என்றான், சாதுவாக. பார்க்கவே எனக்கு ஆனந்தமாக இருந்தது.

கயல்விழி கிண்ணத்தோடு எழுந்து அடுப்படிக்குப் போனாள். நொண்டினாள். நான் பின்னாலேயே போனேன்.

"காலு இன்னா?"

அவள் புடவையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். கெண்டைக்கால் முழுக்கக் கறுத்து வீங்கியிருந்தது. பழைய காயம் பச்சையாக, புதுசு ஊதாவாக.

"அவன் கைதான் ரெண்டும் கட்டுல கெடக்குதே," என்றேன்.

"காலு நல்லாத்தானே இருக்கு. கஞ்சி சூடாயிருந்துதாம். நேத்து வயித்துல உதைச்சாரு." கரண்டியைக் கழுவி வைத்தாள். "கை எரிஞ்சப்ப நானும் ஒன்ன மாதிரிதாண்ணா நெனச்சேன். இனிமே அடி வுட்டுருச்சின்னு."

சுற்றும்முற்றும் பார்த்தேன். அரிவாள்மனை கண்ணில் பட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பிடித்து என்னைக் கூடத்துக்கு இழுத்து வந்து, கட்டிலைத் தாண்டி, வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டினாள்.

"எங்கடி போற?" என்றான் அருள்முருகன். அவள் திரும்பவில்லை. "ஏய், ஒன்னத்தான்." எழுந்திருக்கப் பார்த்தான். கையை ஊன்ற முடியாமல் பக்கவாட்டில் சரிந்தான்.

மாரியம்மாள் கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். "கட்டுன புருசன் கை ரெண்டும் இல்லாம கெடக்குறான். இந்த நெலமையில வுட்டுட்டா போற? கை நல்லாவுற வரைக்கும் இருந்துட்டுப் போடி."

கயல்விழி வாசற்படியில் நின்றாள்.

"நல்லாயிட்டா போவ வுட மாட்டாரு, அத்த," என்றாள்.